பனித்தரையில் இசைக்கு ஏற்பச் சறுக்கி ஆடும் ஃபிகர் ஸ்கேட்டிங் போட்டிகளில் உடைக்குத் தனி மதிப்பெண் உண்டா? ஓர் உடை நன்றாக இருக்கிறதா இல்லையா என்று எதை வைத்துச் சொல்வது?

முதல் கேள்விக்குப் பதில் சுருக்கமானது: கிடையாது. உடை எவ்வளவு அழகாக இருந்தாலும் அதற்காக அரைக்கால் புள்ளிகூட ஏறாது. ஆனால் குறையும். சர்வதேச ஸ்கேட்டிங் ஒன்றியத்தின் விதிப்படி உடை அடக்கமாக, கண்ணியமாக, விளையாட்டுப் போட்டிக்குப் பொருத்தமாக இருக்க வேண்டும். பகட்டாகவோ நாடக வேடம் போலவோ இருக்கக் கூடாது. இசையின் தன்மையை எடுத்துக்காட்டலாம். இதை மீறியதாக நடுவர்களில் பெரும்பான்மையோர் கருதினால் ஒரு புள்ளி போய்விடும். உடையிலிருந்து ஓர் இறகு கழன்று பனியில் விழுந்தாலும் ஒரு புள்ளி போகும். ஓர் இறகுக்கு இவ்வளவு தண்டனையா என்று நானும் நினைத்ததுண்டு. சறுக்கிவரும் பிளேடு அதன்மேல் ஏறினால் என்ன ஆகும் என்று யோசித்த பிறகு அப்படி நினைப்பதில்லை.

2022-23 பருவத்திலிருந்து ஆட்டத்தின் கலைப் பக்கத்துக்கு மூன்று தலைப்புகளில் மதிப்பெண் போடுகிறார்கள்: ஆட்ட அமைப்பு, வெளிப்பாடு, சறுக்கும் திறன். உடை என்ற சொல் அந்தத் தலைப்புகளில் இல்லை. ஆனாலும் கண்ணை மூடிக்கொண்டு மதிப்பெண் போடுகிற நடுவர் யாரும் இல்லையே. அதனால்தான் ஆண்டு முழுவதும் பயிற்சி செய்கிறவர்கள் உடைக்கும் அவ்வளவு மெனக்கெடுகிறார்கள்.

இரண்டாவது கேள்விக்கு என்னால் நடுவராக இருந்து பதில் சொல்ல முடியாது. தையற்காரியின் மகளாகச் சொல்கிறேன். திண்டுக்கல்லில் அம்மா முப்பது ஆண்டுகளுக்கு மேல் ரவிக்கை தைத்தார். கடைசிப் பத்தாண்டுகளில் கல் பதித்த ஆரி வேலைப்பாடுதான் அதிகம். 2018 பியோங்சாங் ஒலிம்பிக்கில் ஸ்கேட்டிங் போட்டிகளைக் காலையில் நடத்தினார்கள். நமக்கு அது விடிகாலை ஆறரை மணி. காபியோடு நானும் அம்மாவும் உட்கார்ந்து பார்த்தோம். எனக்குத் தாவல்களின் பெயர்கூடத் தெரியாத காலம் அது. அம்மாவுக்கு அன்றும் தெரியாது, இன்றும் தெரியாது. ஆனால் யாருடைய உடை எங்கே இழுக்கிறது, எங்கே தொய்கிறது என்பதை முதல் சுற்றிலேயே சொல்லிவிடுவார்.

அவரிடமிருந்து நான் கற்றுக்கொண்ட முதல் விஷயம், புகைப்படத்தைப் பார்த்து உடையைப் பற்றித் தீர்ப்புச் சொல்லக் கூடாது என்பது. இணையத்தில் ஒவ்வொரு ஒலிம்பிக்கின்போதும் "மிகச் சிறந்த உடைகள், மிக மோசமான உடைகள்" என்று பட்டியல் வரும். எல்லாம் நின்ற நிலையில் எடுத்த படங்கள். நின்றுகொண்டிருக்கும்போது அழகாக இருப்பதற்கு இந்த உடை எதற்கு, பட்டுப்புடவை போதாதா? சுழலும்போது பாவாடை எப்படி விரிகிறது, சுழற்சி நின்ற பிறகு எவ்வளவு நேரத்தில் அடங்குகிறது, பின்னோக்கிப் போகும்போது தொடையில் ஒட்டிக்கொள்கிறதா, காலைத் தூக்கும்போது இடுப்பில் துணி திரள்கிறதா என்றுதான் பார்க்க வேண்டும். ஓரம் கனமாக இருந்தால் உடம்பு நின்ற பிறகும் துணி சுற்றிக்கொண்டே இருக்கும். ஆட்டக்காரர் தடுமாறியதைப் போன்ற தோற்றம் வந்துவிடும். 2010 வான்கூவர் ஒலிம்பிக்கில் தென் கொரியாவின் கிம் யுனா கெர்ஷ்வின் இசைக்கு அணிந்த நீல உடையைப் படத்தில் பார்த்தால் "இவ்வளவுதானா?" என்று தோன்றும். ஆட்டத்தை ஓடவிட்டுப் பாருங்கள். ஒரு மடிப்புகூடக் கூடுதலாக இல்லை. அந்தப் போட்டியில் அவர் எடுத்த மொத்தப் புள்ளி 228.56. உடைதான் காரணம் என்று சொல்லமாட்டேன். உடை எந்த இடத்திலும் குறுக்கே வரவில்லை என்று மட்டும் சொல்வேன்.

கற்களைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் பார்ப்பவர்கள் ஏமாறுவது இங்கேதான். 1994 லில்லஹாமர் ஒலிம்பிக்கில் அமெரிக்காவின் நான்சி கெரிகன் அணிந்த வெளிர்பொன் நிற உடையில் ஏறக்குறைய 11,500 கற்கள் இருந்தன. வடிவமைத்தவர் வேரா வாங். அவ்வளவு கற்கள் என்றதும் நம் ஊர்க் கல்யாண ரவிக்கை போல நெருப்பாய் ஜொலிக்கும் என்று நினைப்போம். அப்படி இல்லை. தூரத்திலிருந்து பார்த்தால் எளிமையான உடை, வெளிச்சம் படும்போது மட்டும் ஈரம்போல மின்னும். நெட் துணியில் சிறிய கற்களை இடைவெளி விட்டுத் தூவியதால் வந்த பலன் அது. ஆரி வேலையில் நாங்கள் கல்லை நூலால் கட்டுவோம். ஸ்கேட்டிங் உடையில் பெரும்பாலும் பசை போட்டு ஒட்டுகிறார்கள், துணி நான்கு பக்கமும் இழுபட வேண்டுமே! கல்லை எங்கே வைக்கக் கூடாது என்பதில்தான் தேர்ந்த கை தெரியும். ஜோடி ஆட்டத்தில் ஆண் பிடித்துத் தூக்கும் இடுப்புப் பகுதியில் கல் இருந்தால் அவர் உள்ளங்கையைக் கீறும், பிடி வழுக்கும். நல்ல உடையில் அந்த இடம் வெறுமையாக இருக்கும், ஆனால் வெறுமையாக இருப்பது உங்களுக்குத் தெரியாது. எனக்கு இப்போதெல்லாம் அந்த வெற்றிடத்தைத் தேடிக் கண்டுபிடிப்பதே ஒரு விளையாட்டாகிவிட்டது.

தோலின் நிறத்தில் இருக்கும் நெட் துணியைப் பற்றியும் ஒரு வார்த்தை. "முதுகு முழுக்கத் திறந்துபோட்டிருக்கிறதே, அந்தப் பிள்ளைக்குக் குளிராதா?" என்று என் பெரியம்மா கேட்டார். திறந்த முதுகாகத் தெரிவது பெரும்பாலும் துணிதான். ஆட்டக்காரரின் தோல் நிறத்துக்குச் சாயம் தோய்த்திருப்பார்கள். அந்தச் சாயம் ஒரு படி தப்பினாலும் கழுத்தருகே ஒரு கோடு விழும், மணிக்கட்டில் இன்னொரு கோடு விழும். தொலைக்காட்சியின் நெருக்கக் காட்சியில் உடனே தெரிந்துவிடும். இந்தக் கோட்டை நான் மன்னிப்பதில்லை. பல ஆயிரம் டாலர் செலவழித்த உடையில் ரெடிமேட் ரவிக்கையின் அலட்சியம் எதற்கு?

"நாடக வேடம் போல இருக்கக் கூடாது" என்ற விதிக்கு வருவோம். இது ரப்பர் மாதிரி, எவ்வளவு இழுத்தாலும் வரும். 1988-இல் கிழக்கு ஜெர்மனியின் கத்தரீனா விட் பாவாடையே இல்லாமல், இடுப்பைச் சுற்றி இறகுகள் மட்டும் வைத்த நீல உடையில் வந்தார். பெரிய சர்ச்சை ஆனது. அந்த ஆண்டு கால்கரி ஒலிம்பிக்கில் தங்கமும் அவருக்கே. அதன்பின் பெண்கள் இடுப்பையும் பின்புறத்தையும் மறைக்கும் பாவாடை அணிய வேண்டும் என்று விதி வந்தது. ஆட்டக்காரர்கள் அதற்கு வைத்த பெயர் "கத்தரீனா விதி". 2004-இல்தான் அதைத் தளர்த்திப் பெண்கள் கால்சட்டை அணியவும் விட்டார்கள். இத்தனைக்கும் 1928-இல் நார்வேயின் பதினைந்து வயது சோன்யா ஹெனி முழங்கால் தெரியும் பாவாடையில் ஆடித் தங்கம் வென்றதற்கும் இதே முணுமுணுப்புதான். அறுபது ஆண்டுகளில் பாவாடையின் நீளம் மாறியது, முணுமுணுப்பு மாறவில்லை.

வேடத்துக்கும் உடைக்கும் நடுவே உள்ள கோட்டை நான் எங்கே போடுகிறேன் என்றால், கதை தெரியாதவருக்கும் அந்த உடை நிற்குமா என்று பார்ப்பேன். 2014 சோச்சி ஒலிம்பிக்கில் ரஷ்யாவின் யூலியா லிப்னிட்ஸ்கயா சிவப்புக் கோட்டுச் சாயலில் ஓர் உடை அணிந்து "ஷிண்ட்லர்ஸ் லிஸ்ட்" பட இசைக்கு ஆடினார். கறுப்பு வெள்ளைப் படத்தில் ஒரு சிறுமியின் கோட்டு மட்டும் சிவப்பாகத் தெரியும் காட்சியை நினைவூட்டும் உடை. படம் பார்த்தவர்களுக்குத் தொண்டை அடைத்தது. அம்மா அந்தப் படத்தைப் பார்த்ததில்லை. பின்னாளில் காணொளியைக் காட்டியபோது அவர் சொன்னது: "வெள்ளைத் தரையில் ரத்தச்சொட்டு மாதிரி இருக்கிறாள்." அதற்குமேல் அந்த உடைக்குச் சான்றிதழ் வேண்டுமா?

ஜப்பானின் ஹான்யு யுசுரு "செய்மெய்" என்ற ஆட்டத்துக்கு அணிந்த உடையும் இந்த வகைதான். பழைய ஜப்பானில் பிரபுக்கள் அணிந்த கரிகினு என்ற அகன்ற அங்கியைப் பார்த்து உருவாக்கியது. அசல் அங்கியைப் போட்டுக்கொண்டு நான்கு முறை காற்றில் சுழல முடியாது, கை துணியில் சிக்கிக்கொள்ளும். அதனால் அங்கியின் தோற்றத்தை மட்டும் எடுத்துக்கொண்டு, துணியை மெலிதாக்கி, உடம்போடு ஒட்ட வைத்துவிட்டார்கள். 2018-இல் அதை அணிந்துதான் அவர் தொடர்ந்து இரண்டாவது ஒலிம்பிக் தங்கத்தை வென்றார். 1952-இல் டிக் பட்டனுக்குப் பிறகு ஆண்கள் பிரிவில் யாரும் செய்யாதது. பொதுவாக ஆண்களின் உடை எனக்குச் சலிப்பூட்டும். கறுப்புக் கால்சட்டை, மேலே மினுங்கும் சட்டை, முடிந்தது கதை. ஹான்யு விதிவிலக்கு.

அடுத்தவர் பண்பாட்டிலிருந்து உடை எடுக்கும்போதுதான் என் மதிப்பீடு கறாராகிவிடுகிறது. 2009-10 பருவத்தில், ஆணும் பெண்ணும் ஜோடியாக நடனம்போல ஆடும் ஐஸ் டான்ஸ் பிரிவில் ஓர் ஆட்டம் நாட்டுப்புற நடனமாக இருக்க வேண்டும் என்று வைத்தார்கள். ரஷ்யாவின் டோம்னினாவும் ஷபாலினும் ஆஸ்திரேலியப் பழங்குடியினர் என்று சொல்லிக்கொண்டு பழுப்பு நிற உடலொட்டிய உடையில், மேலே வெள்ளைக் கோடுகளும் இலைகளும் சிவப்புக் கச்சையுமாக வந்தார்கள். பழங்குடித் தலைவர்கள் இது எங்களை அவமதிப்பது என்று வெளிப்படையாகச் சொன்னார்கள். வான்கூவருக்கு வரும்போது உடையில் சில மாற்றங்கள் செய்தார்கள், சர்ச்சை ஓயவில்லை. அதே ஒலிம்பிக்கில் அமெரிக்காவின் மெரில் டேவிஸும் சார்லி வைட்டும் இந்திப் படப் பாட்டுக்கு ஆடினார்கள். "தேவதாஸ்" படத்தின் "டோலா ரே" அதில் உண்டு. இந்திய நடனம் சொல்லிக்கொடுக்கும் ஒருவரிடம் போய்ப் பயின்றார்கள். உடையும் அதற்கேற்ற சாயலில்தான். நம் ஊர்க்காரர்கள் பலர் அந்தக் காணொளியைப் பெருமையாகப் பகிர்ந்தார்கள், நானும்தான். இரண்டு ஜோடிகளும் வேற்று நாட்டு உடையைத்தான் எடுத்தார்கள். ஒரு ஜோடி கைவிரலின் முத்திரை வரை கற்றுக்கொண்டு வந்தது. இன்னொரு ஜோடி தோல் நிறத்தையே உடையாகப் போட்டுக்கொண்டு வந்தது. நடுவர்கள் முறையே வெள்ளியும் வெண்கலமும் கொடுத்தார்கள் என்பது வேறு கதை.

கடைசியாக, உடையின் முதல் வேலை உடம்பில் நிற்பது. கேட்டால் சிரிப்பு வரும். 2018 பிப்ரவரி 19 காலை, பியோங்சாங்கில் ஐஸ் டான்ஸின் முதல் சுற்று. பிரான்ஸின் கேப்ரியெல்லா பபடாகிஸ் மரகதப் பச்சை உடையில் ஆடத் தொடங்கிய சில நொடிகளில் கழுத்தின் பின்பக்கம் உடை கழன்றது. நிறுத்தாமல் கடைசிவரை ஆடினார். நான் திகைத்துப்போய்த் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அம்மாவுக்குக் கோபம்தான் வந்தது. "கழுத்தில் வருகிற பாரம் முழுவதையும் ஒரு மாட்டலில் நிறுத்தலாமா? கொக்கி போட்டால் அதற்குமேல் ஒரு நூல் முடிச்சு, உள்ளே ஒரு பட்டி. கல்யாணப் பெண்ணுக்கே அப்படித்தானே போடுவேன், அவள் மணையில் சும்மா உட்கார்ந்திருக்கிறவள்!" மறுநாள் பபடாகிஸும் அவருடைய ஜோடி சிசெரோனும் பீத்தோவனின் நிலவொளி இசைக்கு ஆடி அந்தச் சுற்றின் மிக உயர்ந்த புள்ளியை, 123.35-ஐ, எடுத்தார்கள். மொத்தக் கணக்கில் கனடாவின் வர்ச்சு, மோயர் ஜோடி 206.07, இவர்கள் 205.28. வித்தியாசம் 0.79. கழன்ற கொக்கிக்கு யாரும் புள்ளி குறைக்கவில்லை. ஆனால் உடையைப் பற்றிய பயத்தோடு ஆடிய அந்த மூன்று நிமிடத்தில் என்னென்ன போயிருக்கும் என்று கணக்கிட எந்த விதியிலும் இடமில்லை.

இதற்கு ஒரு வாரம் முன்பு குழுப் போட்டியில் தென் கொரியாவின் மின் யூராவுக்கும் இதேதான் நடந்தது. சிவப்பு உடையின் முதுகுக் கொக்கி ஆரம்பத்திலேயே விட்டுப்போய், தோளைத் தூக்கித் தூக்கிச் சரிசெய்துகொண்டே ஆடி முடித்தார். அடுத்த முறை உடையை உடம்போடு சேர்த்துத் தைத்துக்கொண்டே வருகிறேன் என்று பின்னர் வேடிக்கையாகச் சொன்னார். இதை நான் படித்துச் சொன்னபோது அம்மா சிரிக்கவில்லை, "அதுதான் சரி" என்றார்.

பிப்ரவரி 20 காலை மின் யூரா மறுபடி வந்தார். இம்முறை கொரியரின் ஹான்போக் உடையைத் தழுவிய உடை, "அரிராங்" நாட்டுப்பாடல். நீண்ட பாவாடையைச் சறுக்குவதற்கு ஏற்பச் சுருக்கியிருந்தார்கள். சொந்த நாட்டு அரங்கம், சொந்த நாட்டுப் பாட்டு, கூட்டம் ஆரவாரித்தது. நான் பாவாடை விரிவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அம்மா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு திரைக்கு அருகில் போய், அவர் திரும்புவதற்காகக் காத்திருந்து, முதுகைப் பார்த்துவிட்டு வந்து உட்கார்ந்தார்.

"தைத்துவிட்டாள்" என்றார்.