அப்பாவை முழுக்கதையும் சொல்ல விடுங்கள்

கேள்வி: என் அப்பாவுக்கு 79 வயது. 14 வயதில் வீட்டை விட்டுப் போய் ஒரு சர்க்கஸ் கம்பெனியில் சேர்ந்தவர். முதலில் யானைக் கொட்டகையில் சாணி அள்ளும் வேலை, பிறகு குட்டி யானைகளைப் பழக்கும் வேலை. நானும் என் பிள்ளைகளும் அவருடைய யானைக் கதைகளைக் கேட்டே வளர்ந்தோம். பனிக்கால ராத்திரிகளில் குட்டியோடு ஒரே வைக்கோலில் படுத்தது, அவர் ஊருக்குப் போய்த் திரும்பும்வரை அது சரியாகத் தீனி எடுக்காமல் நின்றது என்று நிறையச் சொல்வார். போன மாதம், கல்லூரியில் படிக்கும் என் மகள் சர்க்கஸில் யானைக்குட்டியைக் கட்டிப்போட்டுப் பழக்கும் வீடியோ ஒன்றைப் பார்த்துவிட்டு, "நீங்களும் இப்படித்தான் அடிச்சீங்களா தாத்தா?" என்று எல்லோர் முன்னாலும் கேட்டுவிட்டாள். அவர் பதில் சொல்லவில்லை. அன்றிலிருந்து யானைப் பேச்சே இல்லை. சாப்பாடும் குறைந்துவிட்டது. பழைய போட்டோ ஆல்பத்தைத் தூக்கிப்போடச் சொல்கிறார். மகளை மன்னிப்புக் கேட்கச் சொல்லட்டுமா? என் அப்பா கொடுமைக்காரரா?
— பெயர் வேண்டாம், திருப்பூர்.

பதில்: அன்புள்ள சகோதரி,

மகளை மன்னிப்புக் கேட்க வைக்காதீர்கள். நாலு பேர் முன்னால் கேட்டது தப்பு, அதை அவளிடம் தனியாகச் சொல்லுங்கள். ஆனால் கேள்வி நியாயமானது. மன்னிப்புக் கேட்டால் கேள்வியையே திரும்ப வாங்கிக்கொண்ட மாதிரி ஆகிவிடும். அதற்கப்புறம் அந்த வீட்டில் யாரும் அதைப் பற்றிப் பேசமாட்டீர்கள்.

குட்டி யானையை சர்க்கஸுக்குப் பழக்கிய முறை கொடுமையானதுதான். இதைச் சுற்றி வளைத்துச் சொல்ல எனக்கு மனமில்லை. யானைக்குட்டி பிறக்கும்போதே ஏறக்குறைய 100 கிலோ இருக்கும். அந்த எடையைப் பார்த்து நாம் ஏமாந்துவிடுகிறோம். முதல் சில மாதங்கள் தும்பிக்கையை வைத்து என்ன செய்வதென்றே அதற்குத் தெரியாது, தண்ணீரைக்கூட வாயால்தான் குடிக்கும். இரண்டு வயது தாண்டியும் தாய்ப்பால் குடிக்கும். தாய் மட்டுமில்லை, பெரியம்மா, சித்தி, அக்கா என்று கூட்டத்துப் பெண் யானைகள் எல்லாம் அதைச் சுற்றியே நிற்கும். தனியாக இருந்தே பழக்கமில்லாத உயிர் அது. அதைப் பிரித்துக் கொண்டுவந்துதான் கயிறு போட்டார்கள்.

ஏன் அவ்வளவு சின்ன வயதில்? வளர்ந்த யானையை நாலு ஆள் சேர்ந்தாலும் அசைக்க முடியாது, குட்டியை முடியும். பின்னங்கால்களை மடக்கி உட்காருவது, முன்னங்கால்களில் தலைகீழாக நிற்பது, ஸ்டூல் மேல் ஏறுவது இதெல்லாம் சும்மா சொன்னால் வராது. கயிற்றால் இழுத்து, அங்குசத்தால் குத்தி, உடம்பை அந்த நிலைக்குக் கொண்டுவருவார்கள். கூடவே கட்டளையைச் சொல்வார்கள். செய்துவிட்டால் தின்ன ஏதாவது கிடைக்கும். இதையே திரும்பத் திரும்ப நடத்துவார்கள். வளர்ந்து மூன்று டன் ஆன பிறகும் அங்குசத்தைக் கண்டதும் அது அடங்கி நிற்பதற்குக் காரணம் குட்டியாக இருந்தபோது பதிந்த பயம்.

உங்கள் அப்பாவைப் போலவே யானைகளோடு காலம் கழித்த ஒருவரைப் பற்றிச் சொல்கிறேன். அமெரிக்காவின் ரிங்லிங் பிரதர்ஸ் சர்க்கஸில் வேலை பார்த்த சாம் ஹேடாக். அந்த சர்க்கஸுக்கு ஃபுளோரிடா மாநிலத்தில் போல்க் சிட்டி என்ற இடத்தில் யானை இனப்பெருக்க மையம் இருந்தது. அங்கே குட்டிகளை எப்படிப் பழக்கினார்கள் என்பதை 2009-ல் நோட்டரி முன்னிலையில் எழுதிக் கையெழுத்துப் போட்டு, தன்னிடம் இருந்த புகைப்படங்களோடு பீட்டா அமைப்பிடம் கொடுத்தார். ஒன்றரை, இரண்டு வயதுக் குட்டியைத் தாயிடமிருந்து பிரிப்பார்கள். அப்போது தாயைச் சங்கிலியால் கட்டி வைத்திருப்பார்கள். கண்ணெதிரே குட்டியை இழுத்துப் போவதைப் பார்த்துத் தாய்கள் அலறும் என்று அதில் சொல்லியிருந்தார். படங்களில் குட்டியின் கால்களில் கயிறு, சுற்றிலும் ஆட்கள், கையில் அங்குசம். அந்த வருடமே அவர் இறந்துபோனார். டிசம்பரில் வாஷிங்டன் போஸ்ட் பத்திரிகை அந்தப் படங்களை வெளியிட்டது. இவை ஏற்றுக்கொள்ளப்பட்ட பயிற்சி முறைகள்தான், கொடுமை எதுவும் நடக்கவில்லை என்று சர்க்கஸ் தரப்பு மறுத்தது. 2016 மே மாதத்தோடு ரிங்லிங் யானைகளை மேடையேற்றுவதை நிறுத்தியது.

இதில் எனக்கு முக்கியமாகப் படுவது, அதைச் சொன்னவர் வெளியாள் இல்லை என்பது. கயிற்றைத் தன் கையால் பிடித்தவர். அந்த இடத்தில் நின்றவர் சொன்னதால்தான் நமக்கு இவ்வளவு விவரமாகத் தெரிகிறது.

நம் பக்கத்துக்கு வருவோம். கேரளத்தின் தலச்சேரியில் கீலேரி குஞ்ஞிக்கண்ணன் சர்க்கஸ் பள்ளி நடத்திய காலத்திலிருந்து தென்னிந்தியாவின் எத்தனையோ ஏழை வீட்டுப் பையன்கள் கூடாரத்துக்குப் போயிருக்கிறார்கள். பீகாரின் சோன்பூர் சந்தையில் யானை வாங்குவதும் விற்பதும் அப்போது வெளிப்படையான வியாபாரம். ஆசிய யானை வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணைக்குள், அதாவது மிகக் கடுமையான பாதுகாப்புத் தரும் பட்டியலுக்குள் வந்ததே 1977-ல்தான். 1998-ல் கரடி, குரங்கு, புலி, சிறுத்தை, சிங்கம் ஆகியவற்றை வித்தை காட்ட வைக்கக் கூடாது என்று மத்திய அரசு அறிவித்தபோதுகூட அந்தப் பட்டியலில் யானை இல்லை. அந்த அறிவிப்பை உச்ச நீதிமன்றம் 2001-ல் உறுதி செய்தது. உங்கள் அப்பா சர்க்கஸில் இருந்த காலத்தில் யானையை ஆடவைக்கத் தடை கிடையாது. ஊரே டிக்கெட் வாங்கிக் கைதட்டியது. நாமும்தான் தட்டினோம். இதை உங்கள் மகள் தெரிந்துகொள்ள வேண்டும், தாத்தாவை விடுவிப்பதற்காக இல்லை, பழியை அவர் ஒருவர் தலையில் மட்டும் கட்டாமல் இருப்பதற்காக.

அப்புறம், அந்தப் பாசம் பொய்யா என்று உங்களுக்குள் ஒரு தவிப்பு இருக்கிறது. கேட்காவிட்டாலும் கடிதத்தில் தெரிகிறது. பொய்யில்லை. தாயையும் கூட்டத்தையும் இழந்த குட்டி யாரையாவது ஒட்டிக்கொண்டுதான் ஆகவேண்டும். பக்கத்தில் இருந்தவர் உங்கள் அப்பா. தீனி கொடுத்த கையும் அவருடையது, கயிறு பிடித்த கையும் அவருடையதாக இருக்கலாம். அவர் ஊருக்குப் போனபோது குட்டி தீனி எடுக்காதது உண்மையான ஏக்கம். ஆனால் அந்த ஏக்கமே தாயிடமிருந்து பிரித்ததால் வந்தது. இரண்டையும் அவர் அறிவார் என்றே நினைக்கிறேன். இத்தனை வருடமும் வைக்கோல் படுக்கையை மட்டும் சொன்னவர், பேத்தி கேட்டதும் "இல்லம்மா" என்று ஒரு வார்த்தையில் மறுத்திருக்கலாம். மறுக்கவில்லை. அதற்காக அவர்மேல் எனக்கு மரியாதைதான் வருகிறது.

கொடுமைக்காரரா என்ற கேள்விக்கு, அவர் என்ன செய்தார், எதைச் செய்ய மறுத்தார் என்று தெரியாமல் நான் தீர்ப்புச் சொல்ல முடியாது. நீங்களும் சொல்லாதீர்கள். முதலில் கேளுங்கள்.

எங்கிருந்து ஆரம்பிப்பது? "அடிச்சீங்களா" என்பதிலிருந்து வேண்டாம். அந்த 14 வயதுப் பையனிடமிருந்து ஆரம்பியுங்கள். கொட்டகையில் அவனுக்கு வேலை சொல்லிக்கொடுத்தது யார், தப்புச் செய்தால் என்ன தண்டனை, அம்மா ஞாபகம் வந்தபோது என்ன செய்தான் என்று கேளுங்கள். சர்க்கஸில் குழந்தைகளை வேலைக்கு வைக்கக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது 2011-ல்தான். அதற்கு அரை நூற்றாண்டு முன்பே கூடாரத்துக்குள் போனவர் உங்கள் அப்பா. அவரும் வீட்டை விட்டு வந்த பிள்ளைதான். பழக்குவது என்றால் இப்படித்தான் என்று யாரோ அவருக்குக் காட்டிக் கொடுத்திருப்பார்கள். அதைச் சொல்லத் தொடங்கினால் குட்டிகளின் கதையும் தானாக வரும். வரும்போது "அதெல்லாம் விடுங்கப்பா" என்று மட்டும் தடுத்துவிடாதீர்கள். வயதானவர்களின் வாயை நாம் பெரும்பாலும் இப்படி ஆறுதல் சொல்லித்தான் அடைக்கிறோம்.

பேத்தி பக்கத்தில் இருக்கட்டும். அவர் சம்மதித்தால் போனில் பதிவு செய்யச் சொல்லுங்கள். இன்னொன்றையும் அவள் கேட்கலாம்: குட்டிக்கு வயிற்றுப்போக்கு வந்தால் எப்படித் தெரியும், பாலை எந்தச் சூட்டில் கொடுத்தீர்கள், ராத்திரி அது பயந்தால் என்ன செய்தீர்கள் என்று. முதுமலை தெப்பக்காடு முகாமில் தாயை இழந்த குட்டிகளை ராத்திரி பகலாகப் பார்த்துக்கொள்கிறவர்களுக்கும் தினசரிக் கவலை இவைதான். கயிறும் அங்குசமும் போகட்டும், இந்த அனுபவம் வீணாகக் கூடாது.

ஆல்பத்தை எக்காரணம் கொண்டும் தூக்கிப்போடாதீர்கள். அவர் கண்ணில் படாமல் கொஞ்ச நாள் எடுத்து வையுங்கள். பேசத் தயாரானதும் ஒவ்வொரு படத்தின் பின்னாலும் குட்டியின் பெயர், ஊர், வருடம் கேட்டுப் பென்சிலால் எழுதுங்கள். அந்தக் குட்டிகள் இருந்ததற்கு இன்று வேறு சாட்சி இல்லாமல் இருக்கலாம்.

சாப்பாடு குறைந்ததை மட்டும் இந்த விஷயத்தோடு சேர்த்து விட்டுவிடாதீர்கள். 79 வயதில் ஒரு மாதமாகப் பசியில்லை என்றால் மனவருத்தமாகவும் இருக்கலாம், உடம்பில் வேறு கோளாறாகவும் இருக்கலாம். இந்த வாரமே டாக்டரிடம் அழைத்துப் போங்கள். தூக்கம் எப்படி, எடை குறைந்திருக்கிறதா என்று பார்த்து வைத்துக்கொண்டு போய், வீட்டில் நடந்ததையும் அவரிடம் சொல்லுங்கள்.