ஹெல்மெட்டுக்குள் பேசிக்கொண்டே போகலாமா?

கேள்வி: நண்பர்கள் நால்வர் தனித்தனி பைக்குகளில் கொல்லிமலைக்குச் செல்லவிருக்கிறோம். ஹெல்மெட்டில் பொருத்தும் புளூடூத் இன்டர்காம் வாங்கலாமா? – வாசகர், ஈரோடு

பதில்: வாங்கலாம், நால்வர் என்பதால் 'மெஷ்' வசதி உள்ளதா என்று முதலில் பாருங்கள். சாதாரண புளூடூத் இணைப்பு ஒருவரிலிருந்து அடுத்தவருக்குச் சங்கிலிபோலச் செல்வதால், நடுவில் ஒருவர் பின்தங்கினால் தொடர்பு அறுந்துவிடும். மெஷ் முறையிலோ மற்றவர்களின் கருவிகள் தாமாகவே தமக்குள் இணைந்துகொள்ளும். எனினும், பெட்டியில் அச்சிட்டிருக்கும் கிலோமீட்டர் கணக்கு திறந்தவெளிக்கே பொருந்தும். 70 கொண்டை ஊசி வளைவுகள் கொண்ட அந்த மலைச்சாலையில் பாறைகள் அலையை மறித்துவிடும்.

ஒலிபெருக்கிக்கு இடம் வேண்டுமென்று, மோதலின் வேகத்தை உள்வாங்கும் தெர்மாகோல் அடுக்கை ஒருபோதும் செதுக்காதீர்கள். காதுப் பகுதியில் குழிவிட்டுத் தயாரித்த ஹெல்மெட்டே இதற்கு ஏற்றது. கையில் பிடிக்கும் தொடர்புக் கருவியைப் பயன்படுத்தியபடி ஓட்டுவதை மோட்டார் வாகனச் சட்டத்தின் 184-ஆவது பிரிவு ஆபத்தான ஓட்டுதலில் சேர்க்கிறது. இன்டர்காம் கையில் பிடிக்கும் கருவியன்று; ஆனால் கை விடுபட்டாலும் கவனம் பேச்சில்தானே இருக்கிறது! 'எதிரே பேருந்து' என்று பின்னால் வருபவரை எச்சரிப்பதோடு நிறுத்திக்கொண்டு, பிறர் அடிக்கும் ஹாரன் கேட்கும் அளவுக்கு ஒலியைக் குறைத்தே வையுங்கள்.