சிவில் படித்த பெண் ஃபைல் பார்க்கப் போகலாமா?

அம்மா, உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். மகள் பி.இ. சிவில் முடித்து ஒன்றரை வருடம் சைட்டில் வேலை பார்த்திருக்கிறாள். இப்போது அரசுத் திட்டங்களைக் கண்காணிக்கும் ஓர் ஆலோசனை நிறுவனத்தில் 'கவர்னன்ஸ், ரிஸ்க், கம்ப்ளையன்ஸ்' பிரிவில் வேலை கிடைத்திருக்கிறது. "இன்ஜினீயரிங் படிக்க வைத்தது ஃபைல் புரட்டவா?" என்று அவள் அப்பா கேட்கிறார். நியாயமான கேள்விதான்.

சென்னை மெட்ரோவின் இரண்டாம் கட்டத்தையே பாருங்கள். மூன்று வழித்தடங்கள், 118.9 கிலோமீட்டர், 63,246 கோடி ரூபாய். பெயருக்கு ஒரே திட்டம். உள்ளே ஏகப்பட்ட ஒப்பந்தங்கள். ஜப்பானின் ஜைக்கா, ஆசிய வளர்ச்சி வங்கி என்று கடன் கொடுத்தவர்களும் பலர், அவரவர்க்குத் தனித்தனி நிபந்தனைகள். இந்த அளவுள்ள வேலையில், ஓரிடத்தில் கழிவுநீர்க் குழாயை மாற்றித் தருவது தள்ளிப்போனால் அங்கே வேலை நிற்கும். ஒப்பந்ததாரர் கால நீட்டிப்பு கேட்பார், செலவு ஏறும். அது நடக்கும் முன்பே மோப்பம் பிடித்து எழுதி வைப்பதுதான் ரிஸ்க். அதைப் படித்துவிட்டு முடிவெடுக்க வேண்டியவர் யார், எத்தனை கோடி வரை அவர் கையெழுத்து செல்லும் என்பது கவர்னன்ஸ். சட்டப்படி நடந்ததா என்று பார்ப்பது கம்ப்ளையன்ஸ். தமிழ்நாட்டில் 1998-ஆம் ஆண்டின் ஒப்பந்தப்புள்ளி வெளிப்படைத்தன்மைச் சட்டம் இருக்கிறது. 2 கோடிக்கு மேற்பட்ட டெண்டருக்கு 30 நாள் அவகாசம் தர வேண்டும் என்று அதன் விதிகள் சொல்கின்றன. நாளைக் குறைத்தால் மேலதிகாரி காரணத்தை எழுத்தில் பதிய வேண்டும். அந்தக் காரணம் ஃபைலில் இருக்கிறதா என்று தேடுவது உங்கள் மகளின் வேலையாக இருக்கும்.

ஆக, ஃபைல் புரட்டுவது உண்மைதான். ஆனால் மண் மூடிய பிறகு எம்-புக்கில் (முடிந்த வேலையின் அளவைப் பதியும் புத்தகம்) ஏற்றிய அஸ்திவார அளவு எப்படி இருக்கும் என்று கணக்கு மட்டும் படித்தவருக்குத் தெரியாது, சைட்டில் நின்றவளுக்குத் தெரியும். அதனால்தான் கல்லூரியிலிருந்து நேராக இதற்குப் போகிறேன் என்பவர்களை நான் தடுப்பது வழக்கம். உங்கள் மகளைத் தடுக்க மாட்டேன்.

கஷ்டம் வேறு இடத்தில் இருக்கிறது. என்னிடம் ஆலோசனைக்கு வந்த ஒரு பெண்ணிடம், ஒரு கடிதத்துக்கு முன்தேதி போடச் சொன்னார்கள். மறுத்தாள். அடுத்த மாதமே வேறு திட்டத்துக்கு மாற்றிவிட்டார்கள். வேலை போகவில்லை, தூக்கம் போனது. வயதில் மூத்த இன்ஜினீயரிடம் "சார், இது சரியில்லை" என்று குரல் உயர்த்தாமல் சொல்ல வருமா என்று மகளிடமே கேளுங்கள்.

அப்புறம், இவை பெரும்பாலும் ஒப்பந்த வேலைகள். திட்டம் முடிந்தால் பதவியும் முடியும். எனவே வேலையோடு கூடவே, மத்திய அரசுப் பணிகளுக்கான எஸ்.எஸ்.சி. சி.ஜி.எல். தேர்வுக்கும் படிக்கட்டும். அதில், அரசுக் கணக்குகளைத் தணிக்கை செய்யும் சி.ஏ.ஜி. துறையின் தணிக்கையாளர் (ஆடிட்டர்) பதவி இருக்கிறது. எந்தப் பட்டமும் போதும், பொதுப்பிரிவுக்கு வயது 27 வரை, ஏழாவது ஊதியக் குழுவின்படி அடிப்படைச் சம்பளம் 29,200 ரூபாயில் தொடங்கும். இந்த வேலையில் கற்பது அங்கே அப்படியே கைகொடுக்கும். சான்றிதழ் படிப்பு என்று சொல்லி லட்சக்கணக்கில் கேட்பவர்களிடம் இப்போதைக்குப் போக வேண்டாம். சிசா (கணினித் தகவல் அமைப்புகளைத் தணிக்கை செய்வதற்கான சான்றிதழ்) போன்றவற்றில் தேர்வில் தேறினாலும் பொதுவாக 5 ஆண்டு அனுபவம் காட்டினால்தான் சான்றிதழே கிடைக்கும்.

சேரும் முன் நிறுவனத்திடம் இரண்டு விஷயங்களைக் கேட்கச் சொல்லுங்கள்: சம்பளம் எந்த நிறுவனத்திடமிருந்து வரும், மாதத்தில் எத்தனை நாள் சைட்டுக்கு அனுப்புவார்கள். நாள் முழுக்க எக்செல் மட்டும்தான் என்றால் நானே வேண்டாம் என்பேன். நியமனக் கடிதத்தின் நகலை எனக்கு அனுப்புங்கள். ஒப்பந்தக் காலம் பற்றி என்ன எழுதியிருக்கிறார்கள் என்று நானும் ஒரு முறை பார்த்துவிடுகிறேன்.