இரும்பு உருகிவிட்டது என்று எதை வைத்துச் சொல்வது?

கேள்வி: எம்.எஸ்சி. இயற்பியல் கருத்தரங்குக்காக, பூமியின் உட்கருவ எல்லையில் (திடமான உட்கருவமும் திரவமான வெளிக்கருவமும் சந்திக்கும் இடத்தில்) இரும்பின் உருகுநிலை எவ்வளவு என்று தேடினேன். ஒரு கட்டுரையில் 5500 கெல்வின், இன்னொன்றில் 6230, பழையது ஒன்றில் 7600. அவ்வளவு சூட்டை எதை வைத்து அளக்கிறார்கள்? என் வரைபடத்தில் எந்த எண்ணைப் போடுவது?

பதில்: மூன்றையும் போடலாம். ஆனால் ஒவ்வொரு புள்ளிக்குப் பக்கத்திலும் அது வந்த ஆண்டையும், இரும்பு உருகியதை எதை வைத்து முடிவு செய்தார்கள் என்பதையும் குறித்து வையுங்கள். வழக்கு முக்கியமாக அங்கேதான் இருக்கிறது.

நீங்கள் கேட்கும் இடத்தில் அழுத்தம் 330 ஜிகாபாஸ்கல், அதாவது நம் காற்றழுத்தத்தைப் போல சுமார் 33 லட்சம் மடங்கு. இதை எட்ட டயமண்ட் ஆன்வில் செல் என்ற கருவி உண்டு. கொல்லர் பட்டறையின் அடைகல்லுக்குப் பதில் இரண்டு வைரங்கள். அவற்றின் நுனிகள் ஏறக்குறைய ஒரு தலைமுடி அகலம்தான். நடுவில் ரீனியம் தகட்டில் துளை போட்டு, சில மைக்ரான் தடிமனுள்ள இரும்புத் துணுக்கை வைப்பார்கள். வைரம் வெப்பத்தை வேகமாக உறிஞ்சிவிடும் என்பதால் இரும்பின் இரண்டு பக்கமும் உப்பு போன்ற ஏதாவது ஒன்றைத் தடுப்பாக வைத்து, வைரத்தின் வழியாகவே லேசரைப் பாய்ச்சுவார்கள்.

வெப்பமானியை உள்ளே நுழைக்க வழியில்லை. இரும்பு வீசும் ஒளியின் நிறமாலையைப் பதிவு செய்து, சூடான பொருள் எந்த வெப்பநிலையில் எந்த நிற ஒளியை எவ்வளவு வீசும் என்று சொல்லும் பிளாங்க் விதியோடு பொருத்தி வெப்பநிலையைக் கணக்கிடுகிறார்கள். கேட்க எளிதாகத்தான் இருக்கிறது. ஆனால் லேசர் படும் புள்ளியின் நடுவுக்கும் ஓரத்துக்கும் பல நூறு கெல்வின் வித்தியாசம் வரலாம். அதோடு, லென்ஸ் ஒவ்வொரு நிறத்தையும் சற்றே வேறு இடத்தில் குவிக்கும். அதனால் நீலம் ஓரிடத்திலிருந்தும் சிவப்பு வேறிடத்திலிருந்தும் வந்து சேர்ந்து கணக்கைக் கெடுக்கும். லென்ஸை விட்டு ஆடிகளுக்குப் பல குழுக்கள் மாறியது இதனால்தான்.

சரி, வெப்பநிலை கிடைத்துவிட்டது. உருகியதா இல்லையா? 1993-இல் ஜெர்மனியின் மைன்ஸ் நகரில் ரைன்ஹார்ட் பேலர் கண்ணால் பார்த்தார். சூடான பரப்பின் மேல் இன்னொரு லேசர் ஒளியைப் போட்டு, பரப்பில் பட்டுத் திரும்பும் அந்த ஒளியில் தெரியும் புள்ளிக்கோலம் அசையத் தொடங்கும் கணத்தை உருகுநிலை என்று எடுத்துக்கொண்டார். குறைந்த அழுத்தங்களில் அவர் அளந்த உருகுநிலைக் கோட்டை 330 ஜிகாபாஸ்கலுக்கு நீட்டினால் 5000 கெல்வினை ஒட்டி வருகிறது. இருபது ஆண்டு கழித்து அன்ஸெல்லினி குழு, பிரான்சின் கிரெனோபிள் சின்க்ரோட்ரானில் (வலுவான எக்ஸ் கதிர் தரும் துகள் முடுக்கியில்) எக்ஸ் கதிரைப் பாய்ச்சிப் பார்த்தது. திடப்பொருள் கூர்மையான கோடுகளைத் தரும், திரவம் பரவலான மங்கிய வளையத்தைத் தரும். அந்த வளையம் தெரிந்த பிறகே உருகியதாகச் சொன்னார்கள். நீட்டிப் பார்த்ததில் 6230 ± 500. பேலர் அசைவைக் கண்ட வெப்பநிலையில் இரும்பு இன்னும் திடமாகத்தான் இருந்தது, அதன் படிகங்கள் மட்டும் வேகவேகமாக மாறி அமைந்துகொண்டிருந்தன என்பது அவர்களின் விளக்கம். எனக்கு அது நம்பும்படி இருக்கிறது.

ஆனால் எக்ஸ் கதிர் இருந்தால் போதும் என்று நினைத்துவிடாதீர்கள். 2015-இல் எக்ஸ் கதிர் உறிஞ்சலை வைத்துச் செய்த ஓர் அளவீடும் குறைந்த எண்ணையே தந்தது. காரணம் கார்பன் என்பது பிறகு தெரிந்தது. வைரமே கார்பன்தானே, அது சூடான இரும்புக்குள் கசிந்துவிடுகிறது. சாதாரண அழுத்தத்தில் தூய இரும்பு 1538 டிகிரி செல்சியஸில் உருக, கார்பன் நிறைந்த வார்ப்பிரும்பு 1150 டிகிரியை ஒட்டியே உருகத் தொடங்கிவிடும். இங்கும் அதே கதை. ஒரு கட்டுரையைப் படிக்கும்போது, சோதனை முடிந்த துணுக்கை வெட்டி வேதியியல் பார்த்திருக்கிறார்களா என்று தேடுங்கள். நான் முதலில் பார்ப்பது அதைத்தான்.

உங்கள் 5500, சின்ம்யோவும் ஜப்பானியச் சகாக்களும் 2019-இல் வெளியிட்டது. லேசரை விட்டு, இரும்பிலேயே மின்சாரம் பாய்ச்சிச் சூடாக்கினார்கள். சூடு சீராகப் பரவும். 290 ஜிகாபாஸ்கல் வரை அளந்ததால், நீட்ட வேண்டிய தூரமும் குறைவு. 1987-ஐச் சேர்ந்த 7600-ஐ வரலாற்றுக்காக மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

அப்புறம், பிழைப்பட்டைகளைக் கட்டாயம் வரையுங்கள். 5500 ± 220-இன் மேல்நுனி 5720. 6230 ± 500-இன் கீழ்நுனி 5730. எண்களாகப் பார்க்கும்போது 730 கெல்வின் தகராறு; பட்டைகளோடு பார்த்தால் இடைவெளி வெறும் 10.

தலைப்பில் ‘பூமிக் கருவத்தின் வெப்பநிலை’ என்று மட்டும் எழுதிவிடாதீர்கள். கருவத்தில் நிக்கலும் சில இலேசான தனிமங்களும் கலந்திருக்கின்றன, அவை உருகுநிலையைக் கீழே இழுக்கும். ‘தூய இரும்பின் உருகுநிலை, 330 ஜிகாபாஸ்கலில்’ என்று போடுங்கள்.