பேரு போடலைன்னா அவதூறு இல்லையா?

கேள்வி: ஆசிரியர் ஐயா, அமெரிக்காவுல ஒரு காலேஜ் ஃபுட்பால் பிளேயர் பத்திரிகை மேல கேஸ் போட்டு ஜெயிச்சாருன்னு என் பையன் சொன்னான். கட்டுரையில அவர் பேரே இல்லையாம். பேரே இல்லாம எப்படிங்க மானம் போகும்? காசு பாக்குற வேலைதானே இது? நம்ம தமிழ்ப் பத்திரிகைங்க இந்த மாதிரி கேஸுக்குப் பயந்துதான் ஒண்ணையும் எழுத மாட்டேங்குறீங்க. – ஒரு வாசகர், உட்லண்ட்ஸ்

பதில்: காசு பாக்குற வேலைன்னு அவ்ளோ லேசா சொல்லாதீங்க ஐயா. அந்த கேஸ் எனக்குத் தெரியும், முழுசா சொல்றேன், கேட்டுட்டு முடிவு பண்ணுங்க.

அவர் பேரு டென்னிட் மோரிஸ். ஒக்லஹோமா யூனிவர்சிட்டி டீம்ல ஃபுல்பேக், அதுவும் முதல் செட் ஆளு கூட இல்ல, மாத்தி இறக்குற செட்டுல ஆடுனவர். 1953லேந்து 1957 வரைக்கும் வரிசையா 47 மேட்ச் ஜெயிச்ச டீம் அது, 1956ல ஒண்ணு கூட தோக்கல. 1958ல ட்ரூ-ன்னு ஒரு பத்திரிகை, விளையாட்டுல ஊக்கமருந்து பத்தி ஒரு கட்டுரை போட்டுச்சு, அதுல ஒக்லஹோமா பசங்க மூக்குல ஸ்ப்ரே அடிச்சுக்கிட்டதை டாக்டருங்க பாத்திருக்காங்க, டிவியிலயே கிட்டக்க காட்டுனாங்க, ஆம்ஃபெட்டமின்ங்கிற ஊக்கமருந்தை இப்படித்தான் ஏத்துறாங்கன்னு படிக்கிறவங்க நினைக்கிற மாதிரி எழுதிட்டாங்க. கோர்ட்டுல வந்த சாட்சியம் என்னன்னா, அந்த ஸ்ப்ரேல இருந்தது பெப்பர்மிண்ட். ஆடும்போது வாய் வறண்டு போகும்ல, அதுக்கு அடிக்கிறது. அவ்ளோதான்.

பத்திரிகை தரப்பு சொன்னதும் நீங்க கேட்டதேதான். டீம்ல 60, 70 பேர் இருக்காங்க, இவர் பேரு எங்க இருக்குன்னாங்க. கோர்ட் ஏத்துக்கல, ஏன்னா மொத்த டீமும் மருந்து போட்டுச்சுங்கிற அர்த்தத்துல எழுதிட்டா அந்த ஜெர்ஸி போட்ட ஒவ்வொருத்தன் மேலயும்தான் அது விழும், இவர் அந்த டீம்ல ஆடுனவர்னு தெரிஞ்சவங்க எல்லாரும் இவரையும் சேத்துத்தானே நினைப்பாங்க. 75,000 டாலர் குடுக்கணும்னு ஜூரி சொன்னதை 1962ல ஒக்லஹோமா சுப்ரீம் கோர்ட்டும் சரின்னுடுச்சு.

எல்லா ஊர்லயும் இவ்ளோ தூரம் போவாங்கன்னு சொல்லல. இங்கிலாந்துல 1944ல ஒரு பெரிய கேஸ்ல, கூட்டம் பெருசா இருந்து தனி ஆளைச் சுட்டலைன்னா வழக்கு நிக்காதுன்னு தீர்ப்பு வந்துச்சு. நம்ம சிங்கப்பூர் சட்டம் அந்த வழியில வந்ததுதான். ஆனா இங்கயும் கேக்குற கேள்வி பேரு இருக்கா இல்லையாங்கிறது கிடையாது, படிக்கிறவனுக்கு அது யாருன்னு புரியுதாங்கிறதுதான். இப்ப நீங்களே யோசிங்க, ரிலே டீம்ல நாலு பேரு. 'அந்த பாலிடெக்னிக் ஹாக்கி டீம்ல இருக்குற தமிழ்ப் பொண்ணு'ன்னு எழுதினா மொத்தமே ஒரே ஒரு பொண்ணுதான் இருக்கும், தேக்காவுல மார்க்கெட்டுக்குப் போற அவங்க அம்மாவை நாலு பேரு நிறுத்தி விசாரிப்பாங்க. நம்ம சமூகம் அவ்ளோ சின்னது.

எங்க ஆபீஸுக்கும் இந்த மாதிரி ஒரு கடிதம் வந்துச்சு. ஒரு டீம், அதுல ஒருத்தர் மாத்திரை போடுறாராம், 'பேரு வேணாம் சார், சும்மா ஒரு காலேஜ்னு போடுங்க'ன்னு கெஞ்சி எழுதியிருந்தாரு. நான் போன் பண்ணி, நீங்க கண்ணால பாத்தது என்னன்னு ஒரே ஒரு கேள்வி கேட்டேன், எல்லாரும் பேசிக்கிறாங்கன்னாரு. போடல. அது எந்த விளையாட்டு, எந்த வருஷம்னு கூட உங்ககிட்ட இப்ப சொல்ல மாட்டேன், ஏன்னா அதைச் சொன்னாலே யாருன்னு பாதிப் பேருக்குத் தெரிஞ்சுடும், அந்தப் பிள்ளைக்கு வயசு இருபது கூட ஆகல.

பயந்து எழுத மாட்டேங்குறீங்கன்னு சொன்னீங்களே, அதுக்கும் வர்றேன். அமெரிக்காவுலயே இன்னொரு காலேஜ் ஃபுட்பால் கேஸ். ஜார்ஜியா யூனிவர்சிட்டி விளையாட்டுத்துறை தலைவர் வாலி பட்ஸ், எதிர் டீம் அலபாமா கோச்சுக்கு போன்ல தன் டீம் ரகசியத்தைச் சொல்லி மேட்சை வித்துட்டாருன்னு சாட்டர்டே ஈவினிங் போஸ்ட் 1963ல எழுதுச்சு. அந்த மேட்ச் 1962ல நடந்தது, அலபாமா 35-0ன்னு ஜெயிச்சது. ஆதாரம் என்னன்னா ஒரு இன்சூரன்ஸ் ஏஜெண்ட், போன் லைன் தப்பா மாட்டி அந்தப் பேச்சைக் கேட்டேன்னு சொன்னாரு, குறிப்பும் எழுதி வச்சிருந்தாரு. பத்திரிகை என்ன பண்ணியிருக்கணும்? அந்தக் குறிப்பை வாங்கிப் பாத்திருக்கணும், மேட்ச் ஃபிலிமைப் போட்டுப் பாத்திருக்கணும், அப்ப அந்த ஏஜெண்ட்கூட இருந்தவரைக் கேட்டிருக்கணும். ஒண்ணையும் செய்யல. நாளைக்கே போட்டாகணும்ங்கிற அவசரச் செய்தியும் இல்ல அது. ஜூரி 30 லட்சம் டாலருக்கு மேல போட்டுச்சு, ஜட்ஜ் 4,60,000க்குக் குறைச்சாரு, 1967ல அமெரிக்க சுப்ரீம் கோர்ட்லயும் 5-4ன்னு பட்ஸ்தான் ஜெயிச்சாரு.

இத்தனைக்கும் பிரபலமானவங்களைப் பத்தி எழுதுற பத்திரிகைக்கு அமெரிக்காவுல பெரிய பாதுகாப்பு உண்டு. சிங்கப்பூர்ல அது கிடையாது, எழுதினது உண்மைன்னு நாங்கதான் நிரூபிக்கணும். அது ரொம்ப கனமான சுமை, அதனால நியாயமான செய்தியே சில நேரம் மேசையில நின்னு போகுது, அதை நான் மறைக்க விரும்பல, எனக்கும் அதுல வருத்தம் உண்டு. ஆனா அந்த வருத்தத்துக்கும், விசாரிக்காம ஒரு பையன் தலையில மருந்துப் பழியைப் போடுறதுக்கும் சம்பந்தம் இல்லைங்க. ஒரு ஸ்ப்ரேல என்ன இருக்குன்னு டீம் ஆளுங்கள்ல ஒருத்தரைக் கேட்டிருந்தா போதும், அதைக் கேக்காததுக்குப் பேரு தைரியம் இல்ல.

இன்னொண்ணு, இது பத்திரிகைக்கு மட்டும்னு நினைச்சுக்காதீங்க. வாட்ஸாப்ல வந்ததை அப்படியே அனுப்புனாலும், 'நான் எழுதல, எனக்கு வந்ததுதான்'னு சொல்லி இங்க தப்பிக்க முடியாது.

நிஜமாவே ஊக்கமருந்து சந்தேகம்னா ஆன்ட்டி டோப்பிங் சிங்கப்பூர்னு அதுக்குன்னே ஒரு அமைப்பு இருக்கு, அவங்ககிட்ட சொல்லுங்க, சோதிச்சுப் பாக்க அவங்களால முடியும், எங்களால முடியாது. எங்ககிட்டயும் சொல்லணும்னு தோணுச்சுன்னா தாராளமா வாங்க. நீங்க கண்ணால பாத்தது எது, காதால கேட்டது எது, ரெண்டையும் தனித்தனித் தாள்ல எழுதி எடுத்துட்டு வாங்க, முதல் தாளை நான் உக்காந்து வரி வரியா படிக்கிறேன்.