ஸ்டாண்டு ஆட்டோக்களின் போனை வைத்தே நெரிசலைக் கணக்கெடுக்கலாமா?

கேள்வி: ராமேஸ்வரத்தில் ஆட்டோ ஓட்டுகிறேன். அமாவாசை அன்று மேப் நீலமாகக் காட்டும் தெருவில் நுழைந்தால் வண்டி நகராது. பாம்பன் பாலத்தில் சிவப்பு காட்டும், போய்ப் பார்த்தால் வண்டிகள் ஓடிக்கொண்டிருக்கும். எங்கள் ஸ்டாண்டு வண்டிகளில் உள்ள போன்களை வைத்து நெரிசலையும் ரோட்டுப் பள்ளங்களையும் நாங்களே கண்டுபிடிக்க முடியுமா?

பதில்: முடியும். மேப்பின் நிறம் பெரும்பாலும் அந்த வழியில் போகும் போன்களின் வேகத்தை வைத்து வருவது. சின்னத் தெருவில் போன்கள் குறைவு, அதனால் கணிப்பு தப்பும். பாலத்திலோ ரயிலைப் பார்க்க வண்டியை ஓரம்கட்டி நிற்பவர்கள் அதிகம். 2025 ஏப்ரலில் புது ரயில் பாலம் திறந்தபின் கேட்கவே வேண்டாம். நிற்கும் போனும் நெரிசலில் மாட்டிய போனும் வேகக் கணக்கில் ஒன்றுபோலவே தெரியலாம். 2020இல் பெர்லினில் ஒரு கலைஞர் 99 போன்களைக் கைவண்டியில் இழுத்துப் போய், காலித் தெருவை மேப்பில் சிவப்பாக்கிக் காட்டினார்.

ஆகவே வேகம் மட்டும் போதாது, பிரேக்கையும் எண்ணுங்கள். 15 கிலோமீட்டர் வேகத்தில் சீராக ஊர்ந்தால் தெரு குறுகல், அவ்வளவுதான். அதே சராசரி வேகத்தில் நின்று நின்று கிளம்பினால் அது நெரிசல். இந்த வித்தியாசத்தைச் சொல்வது போனுக்குள் இருக்கும் முடுக்கமானி, அதாவது வேகம் மாறுவதையும் குலுக்கலையும் அளக்கும் சென்சார். லாரி, ஆட்டோ, சைக்கிள் எல்லாம் கலந்து ஓடும் நம் ரோட்டுக்கு இது பொருந்துமா என்று மைக்ரோசாப்ட் ஆய்வுக்கூடம் 2008 வாக்கிலேயே பெங்களூரில் சோதித்தது. பிரேக், குலுக்கல், ஹாரன் சத்தம் மூன்றையும் பிடித்தார்கள்.

போனைச் சட்டைப்பையில் வைக்காதீர்கள். ஹேண்டில்பாரிலும் வேண்டாம், ஹேண்டில் திரும்பும்போது போனும் திரும்பும். முன்கண்ணாடிச் சட்டத்தில் ஆடாமல் பொருத்துங்கள். கிளம்பும் முன் சில நொடி வண்டியை நிறுத்தி வைத்தால், முடுக்கமானி காட்டும் புவியீர்ப்பு அளவு (சுமார் 9.8 மீ/நொ²) எந்தப் பக்கம் விழுகிறது என்பதிலிருந்து போனுக்குக் கீழ்த்திசை எது என்று தெரிந்துவிடும். பதிவு செய்ய ஃபைஃபாக்ஸ் என்ற இலவச ஆப் போதும். ஜெர்மனியின் ஆகன் பல்கலைக்கழகத்தில் உருவானது, பதிவை எக்செல் கோப்பாகத் தரும். ஜிபிஎஸ் பேட்டரியைத் தின்னும், சார்ஜரில் போட்டே ஓட்டுங்கள்.

பள்ளம் பார்ப்பதில்தான் கவனம் தேவை. ஆட்டோவின் முன்சக்கரத்துக்கும் பின்சக்கரத்துக்கும் சுமார் 2 மீட்டர் இடைவெளி. 20 கிலோமீட்டர் வேகத்தில் வேகத்தடை ஏறினால் முதல் குதிப்புக்கும் இரண்டாவதுக்கும் நடுவே மூன்றில் ஒரு பங்கு நொடிதான் இருக்கும், எந்த ஆட்டோ ஏறினாலும் இரண்டும் வரும். பள்ளம் அப்படியில்லை: ஒருவர் ஒதுங்குவார், ஒருவருக்குப் பின்சக்கரம் மட்டும் இறங்கும். பாம்பன் சாலைப் பாலத்தின் இணைப்புகளும் குலுக்கும்; அவற்றை முதலிலேயே குறித்து நீக்காவிட்டால் பாலம் முழுக்கப் பள்ளம் என்று கணக்கு வரும். ஜிபிஎஸ் பொதுவாக நொடிக்கு ஒருமுறைதான் இடம் சொல்லும், 36 கிலோமீட்டர் வேகத்தில் அதற்குள் வண்டி 10 மீட்டர் போயிருக்கும். ஒரே இடத்தை ஒட்டி நாலைந்து ஆட்டோக்களின் குலுக்கல் சேர்ந்து விழுந்தால் மட்டும் பள்ளம் என்று எழுதுங்கள். வண்டிக்கு வண்டி எஞ்சின் அதிர்வு மாறும், அதனால் எல்லா ஆட்டோவுக்கும் ஒரே அளவுகோல் வைக்க வேண்டாம்.

ஹாரனை எண்ணுவது ரத வீதிகளில் உதவும். பாலத்தில் காற்றடிக்கும்போது மைக் பயன்படாது. எங்கே எண்ணினாலும் சத்தத்தின் அளவை மட்டும் எடுங்கள், பேச்சைப் பதியக் கூடாது. சவாரிக்கு வருபவர்களின் குடும்பப் பேச்சு அதில் விழும், அது நமக்குச் சொந்தமில்லை. அதேபோல ஒவ்வொரு ஓட்டுநரின் வீட்டைச் சுற்றிய சில நூறு மீட்டர் பதிவையும் அழித்துவிட்டுத்தான் மற்றவர்களுக்குக் கொடுக்க வேண்டும்.

பட்டியல் தயாரானதும் இரண்டாகப் பிரியுங்கள். பாலமும் மதுரை–தனுஷ்கோடி சாலையும் தேசிய நெடுஞ்சாலை 87இல் வருகின்றன, ஊர்த்தெருக்கள் நகராட்சியுடையவை. ஒரே மனுவில் இரண்டையும் கலந்து கொடுத்தால் அது மேஜை மாறிக்கொண்டே இருக்கும்.