கோழிக்கொண்டை ஏன் சிவப்புத் திட்டாகிறது? – கேமரா கேள்வி பதில்

கேள்வி: பெங்களூரு கே.ஆர். மார்க்கெட்டில் காலை நேரத்தில் பூக்கடைகளைப் படம் எடுக்கிறேன். மாடியிலிருந்து கீழே பார்த்து எடுத்தால் செண்டுமல்லிக் குவியல் ஓரளவு நன்றாக வருகிறது. கோழிக்கொண்டையும் சிவப்பு ரோஜாவும் மட்டும் இதழே தெரியாமல் பெயின்ட் அப்பின மாதிரி இருக்கிறது. ஃபோகஸ் சரியாகத்தான் இருக்கிறது. நிகான் கேமரா, ஜேபெக், பிக்சர் கண்ட்ரோல் (படத்தின் நிறத்தோற்றத்தைத் தேர்வுசெய்யும் செட்டிங்) விவிட். லென்ஸ் மாற்ற வேண்டுமா?
– வாசகி, அல்சூர்

பதில்: லென்ஸைத் தொடாதீர்கள், காசு மிச்சம். கடைசியில் போகிறபோக்கில் எழுதியிருக்கிறீர்களே விவிட் என்று, வில்லங்கம் அங்கேதான். சென்சார் அந்தப் பூவைப் பெரும்பாலும் ஒழுங்காகவே பதிந்திருக்கும், கெடுவது அதற்கப்புறம். ஜேபெக்கில் சிவப்பு, பச்சை, நீலம் ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 255 வரைதான் இடம். கோழிக்கொண்டையில் சிவப்பு ஏற்கெனவே உச்சத்துக்குப் பக்கத்தில் நிற்கிறது, விவிட் அதன் மேல் காண்ட்ராஸ்ட்டையும் (வெளிச்சம்-இருள் வேறுபாடு) ஸேச்சுரேஷனையும் (நிற அடர்த்தி) ஏற்றுகிறது, படி நிறைந்த பிறகு கொட்டினால் வழியத்தானே செய்யும்? மடிப்பின் மேடும் பள்ளமும் எல்லாமே 255 ஆகிவிட்டால் இதழ் எங்கிருந்து தெரியும்? செண்டுமல்லி தப்பிப்பதற்குக் காரணம் ஆரஞ்சில் பச்சையும் நிறையக் கலந்திருப்பதுதான். சிவப்பு முட்டிக்கொண்டாலும் பச்சை கொஞ்சம் விவரத்தைக் காப்பாற்றிவிடுகிறது.

‘ஹிஸ்டோகிராம் பார்த்தேன், சரியாக இருந்ததே’ என்று கேட்பீர்கள். ஹிஸ்டோகிராம் என்பது படத்தில் எந்த அளவு வெளிச்சம் எவ்வளவு இருக்கிறது என்று காட்டும் வரைபடம், இடது ஓரம் இருட்டு, வலது ஓரம் உச்சம். நீங்கள் பார்த்தது வெள்ளை நிறத்தில் வரும் ஒற்றை வரைபடமாக இருக்கும். அது மொத்தப் பிரகாசத்தைக் காட்டுவது. பிரகாசத்தைக் கணக்கிடும் வழக்கமான சூத்திரத்தில் பச்சைக்கு 59 சதவீதம், சிவப்புக்கு 30, நீலத்துக்கு 11. அதனால் சிவப்பு மட்டும் தனியாக வழிந்தால் அந்த வரைபடத்தில் பெரிதாகத் தெரியாது. பிளேபேக் மெனுவில் டிஸ்ப்ளே ஆப்ஷன்ஸ் போய் ஆர்ஜிபி ஹிஸ்டோகிராமை டிக் செய்துகொள்ளுங்கள், மூன்று நிறமும் தனித்தனியாக வரும். சிவப்பு வரைபடம் வலது சுவரில் ஒட்டிக்கொண்டு நின்றால் விஷயம் புரிந்துவிடும்.

சரி, என்ன செய்யலாம்? முதலில் பிக்சர் கண்ட்ரோலில் நியூட்ரல், அது ரொம்ப வெளிறிப்போனதாகப் பட்டால் ஸ்டாண்டர்டில் ஸேச்சுரேஷனை மட்டும் ஒரு படி இறக்குங்கள். அப்புறமும் சிவப்பு ஒட்டினால் எக்ஸ்போஷர் காம்பன்சேஷனை (படத்தின் வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கும் செட்டிங்) -0.7 வரை இறக்கலாம், அந்த மங்கலான மார்க்கெட்டில் ஷட்டர் வேகமும் கொஞ்சம் கூடும். இன்னொன்று, இதழ் தெரியவில்லையே என்று ஷார்ப்பனிங்கை ஏற்றிவிடாதீர்கள், இல்லாத விவரத்தை அது கொண்டுவராது, ஓரங்களில் வெள்ளைக் கோடுதான் போடும். கேனான் வைத்திருப்பவர்கள் பிக்சர் ஸ்டைலில் நியூட்ரல் அல்லது ஃபெய்த்ஃபுல், ஃபியூஜிக்காரர்கள் வெல்வியாவை விட்டு ப்ரோவியா. விவிட் மேல் எனக்கு விரோதம் ஒன்றும் இல்லை, மேகம் மூடிய நாளில் லால்பாக் மரங்களுக்கு அது நன்றாகவே இருக்கும். பூ மார்க்கெட்டுக்கும் பட்டுப்புடவைக்கும் வேண்டாம், அவ்வளவுதான்.

கேள்வி: நான் ரா-வில் (சென்சார் பதிந்ததை அப்படியே சேமிக்கும் ஃபைல்) மட்டும்தான் எடுக்கிறேன். இந்த செட்டிங்ஸ் எதுவும் எனக்குத் தேவையில்லை, சரிதானே?
– வாசகர், ஒயிட்ஃபீல்டு

பதில்: முக்கால்வாசி சரி. பிக்சர் கண்ட்ரோல், ஒயிட் பேலன்ஸ் எல்லாம் ரா ஃபைலில் வெறும் குறிப்புதான், பிறகு மாற்றலாம். ஆனால் திரையில் நீங்கள் பார்க்கும் படமும் ஹிஸ்டோகிராமும் அந்த செட்டிங்ஸ்படி கேமரா உண்டாக்கிய ஜேபெக்கிலிருந்து வருபவை. விவிட்டில் விட்டுவைத்தால் வழியாத வெளிச்சத்தையும் வழிந்ததாகக் காட்டும், நீங்கள் பயந்து அநாவசியமாக இருட்டாக எடுப்பீர்கள். நியூட்ரலில் வைத்தால் ஓரளவு நம்பலாம். ஆக்டிவ் டி-லைட்டிங் (பளிச்சென்ற இடத்திலும் நிழலிலும் விவரம் காக்கும் நிகான் வசதி) இருந்தால் அதை அணைத்துவிடுங்கள், அது எடுக்கும்போதே எக்ஸ்போஷரைக் குறைக்கக்கூடியது.

கேள்வி: ஞாயிற்றுக்கிழமை இரவு விதான சௌதா விளக்கு வெளிச்சத்தில் 30 விநாடி எக்ஸ்போஷர் வைத்தேன். ஷட்டர் மூடிய பிறகும் இன்னொரு 30 விநாடி கேமரா எதையும் செய்ய விடவில்லை. ரிப்பேரா?
– வாசகர், சிவாஜிநகர்

பதில்: ரிப்பேர் இல்லை, சர்வீஸ் சென்டருக்குத் தூக்கிக்கொண்டு ஓட வேண்டாம். லாங் எக்ஸ்போஷர் நாய்ஸ் ரிடக்‌ஷன் ஆனில் இருக்கிறது. நீண்ட நேரம் திறந்திருக்கும் சென்சாரில் சூட்டினால் சில புள்ளிகள் தானாக ஒளிரும். அவற்றைக் கண்டுபிடிக்க கேமரா ஷட்டரை மூடியபடியே அதே அளவு நேரம் ஒரு கறுப்புப் படம் எடுத்து, அதை உங்கள் படத்திலிருந்து கழிக்கிறது. 30 விநாடிக்கு இன்னொரு 30 அப்படித்தான் வருகிறது. அந்த விளக்கு வெளிச்சத்துக்கு 30 விநாடியே அதிகம், ஐஎஸ்ஓ 100, எஃப் 8 வைத்துச் சில விநாடிகளில் பாருங்கள், இந்த நாய்ஸ் வசதியை அணைத்துவிட்டாலும் வித்தியாசம் தெரியாது. வண்டி விளக்குக் கோடுகளைத் தொடர்ச்சியாக எடுத்துச் சேர்ப்பதாக இருந்தால் அணைத்தே ஆக வேண்டும், இல்லையென்றால் நடுவில் கோடு விட்டுப்போகும்.

கேள்வி: கேமராத் திரையில் பளிச்சென்று இருக்கும் கல்யாணப் படங்கள் வாட்ஸ்அப்பிலும் பிரிண்டிலும் சோகையாக வருகின்றன.
– வாசகி, ஜெயநகர்

பதில்: ஃபைல் பெயரைப் பாருங்கள். அது கீழ்க்கோட்டில் (_) ஆரம்பித்தால், நிகானிலும் கேனானிலும் கலர் ஸ்பேஸ் (படம் பயன்படுத்தும் நிற எல்லை) அடோபி ஆர்ஜிபியில் இருக்கிறது என்று அர்த்தம். பெரும்பாலான திரைகளும் லேபுகளும் எதிர்பார்க்கும் எஸ்ஆர்ஜிபிக்கு மாற்றுங்கள். எடுத்து முடித்த படங்களைக் கம்ப்யூட்டரில் எஸ்ஆர்ஜிபிக்கு கன்வர்ட் செய்து லேபுக்குக் கொடுக்கலாம், அசைன் என்ற கட்டளையை அழுத்திவிடாதீர்கள், அது நிற எண்களை மாற்றாமல் கலர் ஸ்பேஸ் பெயரை மட்டும் மாற்றிவிடும்.